ஆர்எக்ஸ் 100 ஓடும்போதே நின்றுவிடுகிறது, அவசரம்

குலசேகரம் 98சிசி
அப்பாவின் பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக். ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து உதைத்தால் எடுத்துவிடும். பிளக் புதிது, பேட்டரி புதிது, கார்ப்பரேட்டரும் கழுவியாச்சு. அப்படியும் சரியாகவில்லை. விடியும் முன்னே ரப்பர் தோட்டத்துக்குப் பால்வெட்டப் போக வேண்டும், இருட்டில் பாதி வழியில் நின்றால் ரொம்பக் கஷ்டம். என்ன பார்க்கலாம்?

கருங்கல் ஒர்க்ஷாப்
தம்பி, இவ்வளவு சொன்னால் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. எத்தனை கிலோமீட்டர் ஓடி நிற்கிறது? எவ்வளவு நேரம் ஆறினால் எடுக்கிறது? முக்கியமாக, திணறித் திணறி நிற்கிறதா, சாவியை அணைத்த மாதிரி டக்கென்று நிற்கிறதா? எந்த வருட வண்டி?

மார்த்தாண்டம் டூஸ்ட்ரோக்
பேட்டரி மாற்றியிருக்கிறார் என்பதிலேயே தெரிகிறது, வண்டியைப் பற்றி அடிப்படைகூடத் தெரியாது என்று. இந்த வண்டி ஸ்டார்ட் ஆகப் பேட்டரியே வேண்டாம். எஞ்சினோடு சுற்றுகிற மேக்னட்டிலிருந்துதான் சிடிஐ பெட்டிக்கு, அதாவது பிளக்கில் பொறி வரவைக்கிற பெட்டிக்கு, கரண்ட் போகிறது. பேட்டரியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு உதைத்தாலும் எடுக்கும். இதை நான் எத்தனை முறை எழுதியாச்சு, யாரும் படிப்பதில்லை.
இது கிராங்க் சீல்தான், எஞ்சினுக்குள் சுற்றுகிற கிராங்க் தண்டின் ஓரத்தில் காற்று புகாமல் அடைக்கிற ரப்பர் வளையம். மேக்னட் பக்கத்துச் சீல் காய்ந்துபோனால் அது வழியாகக் காற்று உள்ளே போகும், பெட்ரோல் கலவை குறையும், எஞ்சின் கொதிக்கும், நிற்கும். எஞ்சினை இறக்கி இரண்டு பக்கச் சீலும் மாற்றவும். வேறு எதையும் தொட வேண்டாம்.

குளச்சல் கடலோரம்
எஞ்சினை இறக்குவதற்கு முன்னால் வயர் சாக்கெட்டுகளைப் பாருங்கள் அண்ணே. 2017 ஒகி புயலுக்குப் பிறகு என் வண்டியும் இப்படித்தான் மக்கர் பண்ணியது. டேங்கைத் தூக்கிப் பார்த்தால் சாக்கெட்டுக்குள் பச்சை பூத்துக் கிடந்தது. சின்னத் துண்டு உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்த்த பிறகு சரியானது. கடல்காற்று பட்ட வண்டிக்கு முதலில் அதுதான் பார்க்க வேண்டும்.

குலசேகரம் 98சிசி
சாரி, அவசரத்தில் விட்டுப்போச்சு. 1994 வண்டி. அஞ்சாறு கிலோமீட்டரில் நிற்கும். டக்கென்றுதான். கால் மணி நேரம் கழித்து ஒரே உதையில் எடுக்கும். நாங்கள் மலையோரம், கடல்காற்று இல்லை, ஆனால் மழை உண்டு. எஞ்சினுக்குத் தானாக ஆயில் விடுகிற ஆயில் பம்ப் இல்லை, எப்போதோ எடுத்துவிட்டார்கள். டேங்கிலேயே பெட்ரோலோடு 2டி ஆயில் (டூஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) ஊற்றுகிறோம்.

மார்த்தாண்டம் டூஸ்ட்ரோக்
ஆயில் பம்பை எடுத்துவிட்டீர்களா! இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா? லிட்டருக்கு எத்தனை மில்லி ஊற்றுகிறீர்கள்?

குலசேகரம் 98சிசி
40.

தக்கலை பழைய வண்டி
40 சரிதான். ஆயில் ஒன்றுக்குப் பெட்ரோல் இருபத்தைந்து. பம்ப் பழசானால் எப்போது ஆயில் விடும், எப்போது விடாது என்று தெரியாது. பிஸ்டன் சீஸ் ஆகி இறுகிப்போன பிறகுதான் தெரியும். கையால் ஊற்றினால் நிம்மதி.

மார்த்தாண்டம் டூஸ்ட்ரோக்
நிம்மதியா? பேச்சிப்பாறையிலிருந்து கீழே இறங்குகிறீர்கள், ஆக்சிலேட்டரை முழுக்க மூடியாச்சு, கியரில் வண்டி உருளுகிறது. எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் பெட்ரோல் உள்ளே போவதில்லை. பெட்ரோலோடு கலந்த ஆயிலும் போகாது. பம்ப் இருந்தால் எஞ்சின் சுற்றுகிற அளவுக்குக் கொஞ்சமாவது ஆயில் விடும். மலையில் ஓட்டுகிறவர்கள் பம்பை எடுக்கவே கூடாது.

தக்கலை பழைய வண்டி
இறக்கத்தில் நடுநடுவே ஆக்சிலேட்டரை லேசாகத் திருகிக்கொடுத்தால் போதும். நான் அப்படித்தான் இறங்குகிறேன், இன்றுவரை போர் போடவில்லை, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிபண்ண வேண்டி வரவில்லை.

மார்த்தாண்டம் டூஸ்ட்ரோக்
உங்களுக்குப் பழக்கம் இருக்கிறது. எல்லோருக்கும் இருக்குமா? இந்த யோசனையைக் கேட்டு ஒரு பையன் பிஸ்டனைக் கெடுத்துக்கொண்டால் யார் பொறுப்பு?

வடசேரி மல்டிமீட்டர்
ஆயில் விஷயத்தை அப்புறம் பேசலாம் மக்கா, இந்தத் தம்பி இருட்டில் வண்டி தள்ளிக்கொண்டு இருக்கிறார்.

தம்பி, வண்டியை வீட்டுக்குத் தள்ளி வந்து பார்த்தால் எல்லாமே சரியாகத்தான் இருக்கும், ஏனென்றால் அதற்குள் ஆறிவிடும். நின்ற இடத்தில், நின்ற நிமிடத்தில் பார்க்க வேண்டும். ஒரு பிளக் ஸ்பேனரும் பழைய பிளக்கும் கையில் வைத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில், நிற்கும்வரை ஓட்டுங்கள். நின்றவுடன் முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று இழுத்தால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது, பெட்ரோல் இறங்கவில்லை என்று அர்த்தம். சத்தம் இல்லையா, மூடியை இறுக்கி மூடிவிட்டு, பழைய பிளக்கைக் கேப்பில் செருகி அதன் உடம்பை சிலிண்டர் தகட்டில் அழுத்தி வைத்து உதையுங்கள். எஞ்சினில் இருக்கிற பிளக்கைக் கழற்ற வேண்டாம், அந்தத் துளையிலிருந்து பெட்ரோல் தெறிக்கும், பொறி பட்டால் ஆபத்து. கரண்ட் நீலமாக, டக் டக் என்று வருகிறதா? வந்தால் பெட்ரோல் பக்கம் அல்லது மார்த்தாண்டத்தார் சொல்கிற சீல். வரவில்லை என்றால் சீலை மறந்துவிடலாம். டக்கென்று நிற்பதைப் பார்த்தால் எனக்குக் கரண்ட் பக்கம்தான் சந்தேகம்.

குலசேகரம் 98சிசி
இன்று திற்பரப்பு ரோட்டில் நின்றது. மூடியில் சத்தம் இல்லை. கரண்ட் சுத்தமாக வரவில்லை. கால் மணி நேரம் கழித்து அதே பிளக்கில் நீலமாக வந்தது.

வடசேரி மல்டிமீட்டர்
நல்லா பார்த்தீர்கள். அடுத்து, சாவிக்குப் போகிற கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட வயரை சிடிஐ பக்கம் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். அப்படியும் நின்றால் சாவி சுவிட்ச் காரணம் இல்லை. (சாவியில் அணையாது, கியரில் போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.) பிறகு மேக்னட்டிலிருந்து சிடிஐக்கு வரும் சாக்கெட்டைக் கழற்றி, சோர்ஸ் காயிலையும் (சிடிஐக்குக் கரண்ட் கொடுப்பது) பல்சர் காயிலையும் (பொறி எப்போது வர வேண்டும் என்று சொல்வது) மீட்டரில் அளந்து எழுதி வையுங்கள். வண்டி நின்றவுடன் அதே இடத்தில் மறுபடி அளங்கள். காயிலுக்குள் கம்பி மயிரிழை அளவு விட்டிருந்தால் சூட்டில் விலகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். இரண்டு அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும்.

கருங்கல் ஒர்க்ஷாப்
காயில் மாற்றுவதாக இருந்தால் மேக்னட்டை சுத்தியலால் தட்டிக் கழற்றாதீர்கள். காந்தம் உடையும், கிராங்க் கோணும். அதை இழுத்துக் கழற்றுகிற புல்லர் கருவியை வாங்கியோ இரவல் கேட்டோ கழற்றுங்கள்.

மார்த்தாண்டம் டூஸ்ட்ரோக்
மேக்னட்டைக் கழற்றினால் அதற்குப் பின்னால்தான் அந்தச் சீல் இருக்கிறது. எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். 1994 வண்டி, நான் சும்மா சொல்லவில்லை.

குலசேகரம் 98சிசி
சோர்ஸ் காயில்தான். சூட்டில் மீட்டர் ஒன்றுமே காட்டவில்லை, ஆறியதும் பழைய அளவு வந்தது. மாற்றியாச்சு. சீல் ஓரம் ஈரமாக இருந்தது, அதையும் மாற்றினேன். இன்று அப்பாவைப் பின்னால் வைத்துப் பேச்சிப்பாறை வரை போய் வந்தேன், ஒரு இடத்திலும் நிற்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

குளச்சல் கடலோரம்
தம்பி, காயில் புதிதா, கம்பி சுற்றிக் கொடுத்தார்களா? எங்கே கிடைத்தது? என் பக்கத்து வீட்டு வண்டிக்கும் இதே பிரச்சினை.

தக்கலை பழைய வண்டி
எனக்கும் தெரிந்தால் நல்லது. புல்லர் என்னிடம் இருக்கிறது, தக்கலைப் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொள்ளலாம்.