இலங்கை மலையகத்துல சைக்கிள் குழு கூட்டிட்டுப் போறவங்களுக்கு: ஏத்தம் இல்ல, இறக்கம்தான் வேலை

டிக்கோயா பக்கம்:
ஹட்டன்ல தொடங்கி டிக்கோயா, காசல்ரீ குளக்கரை, நோர்வூட்னு ஒரு நாள் சுற்று. எட்டுப் பேர். பாதிப் பேர் வெளிநாட்டுக்காரங்க, மலைப்பாதை பழக்கமில்ல. வழிகாட்டி ரெண்டு பேர், ஒரு வான். வர்றவங்க எல்லாரும் ஏத்தத்தைப் பத்தித்தான் கேக்குறாங்க. உண்மையில சிக்கல் எங்க வருது, ஏன் வருதுன்னு தெரிஞ்சவங்க எழுதுங்க. "பார்த்துப் போங்க"ன்னு மட்டும் எழுத வேணாம்.

ஸ்பேனர்:
ஏத்தம் ஆளைத் தானே நிறுத்திடும். மூச்சு வாங்கும், இறங்கித் தள்ளுவாங்க, முடியாட்டி வான்ல ஏறிக்குவாங்க. கை கால் முறியிறது இறக்கத்துல.

ஒரு கணக்கு சொல்றேன். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ, இறங்குற உயரம் 400 மீட்டர்னு வச்சுக்குங்க. கரைய வேண்டிய சக்தி சுமார் 350 கிலோஜூல். ஒரு லீட்டர் பச்சைத் தண்ணி கொதிக்கிறதுக்கு அது போதும். வேகமா இறங்குறவருக்கு அதுல நல்ல பங்கைக் காத்து எடுத்துக்கும். பயந்து பிரேக்கை விடாமப் பிடிச்சுக்கிட்டு ஊர்ந்து வர்றவருக்கு ஏறக்குறைய முழுச் சூடும் ரெண்டு சக்கரத்து டிஸ்க் பிரேக் தகட்டுலயும், அதை அழுத்துற பேட்லயும்தான் இறங்கும். அதனால பிரேக் விட்டுப்போறது பெரும்பாலும் குழுவுலயே மெதுவா வர்ற ஆளுக்குத்தான். புது வழிகாட்டிங்க இதைச் சொன்னா நம்புறதில்ல, வேகமாப் போறவரையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க.

முதல்ல கருகுற வாசனை வரும். அப்புறம் கீச்சுன்னு சத்தம். லீவர் வழக்கத்தை விட உள்ள போகும். தகடு நீலமோ பழுப்போ பாய்ஞ்சிருக்கும். சக்கர விளிம்பையே பிடிக்கிற ரிம் பிரேக்னா இன்னும் மோசம்: ரிம் சூடேறி டியூப் வெடிக்கும், அது முன் சக்கரமா இருந்து வளைவுல நடந்தா பிடிக்க வழியில்ல. நூறு மீட்டர் உயரம் இறங்கினதும் நிறுத்துங்க. ஏழு சதவீதச் சரிவுல அது ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம்தான். மூணு நிமிஷம் போதும். தண்ணி ஊத்தக் கூடாது, சூட்டுத் தகடு வளைஞ்சிடும். சைக்கிளைத் தூக்கும்போது கெண்டைக்கால் தகட்டுல படாமப் பார்க்கணும்.

பிடிக்கிற முறையை ஹட்டன்லயே, சமதரையில பழக்குங்க. வளைவுக்கு முன்னால ரெண்டு பிரேக்கையும் சேர்த்து "ஒண்ணு, ரெண்டு"ன்னு அழுத்திப் பிடி, "ஒண்ணு, ரெண்டு, மூணு"ன்னு முழுசா விடு. விடுற நேரத்துலதான் தகடு ஆறும். வளைவுக்குள்ள போன பிறகு பிடிக்கிறதில்ல.

இன்னொண்ணு, இதைப் பலர் மறந்துடுறாங்க. நம்ம ஊர்ல விக்கிற சைக்கிள்ல முன் பிரேக் பெரும்பாலும் வலது கையில. ஜெர்மன்காரர், பிரெஞ்சுக்காரர் ஊர்ல அது இடது கையில. பழக்கதோஷத்துல, பின்னாலனு நினைச்சு வலதை இறுக்கினா ஈர ரோட்டுல முன் சக்கரம் வழுக்கி விழுவாங்க. கிளம்புறதுக்கு முன்னால ஒவ்வொருத்தரையும் இறங்கித் தள்ளிக்கிட்டே ஒரு கையை மட்டும் பிடிக்கச் சொல்லுங்க. எந்தச் சக்கரம் நிக்குதுன்னு அவங்க கண்ணாலயே பார்க்கணும். வாயால சொன்னது முதல் வளைவுல மறந்துடும்.

பேட் விஷயம்: ரெசின் பேட் சத்தமில்லாமப் பிடிக்கும், ஆனா மழையும் சேறும் சேர்ந்தா ஒரே நாள்ல தேய்ஞ்சு தீரும். மெட்டல் பேட் தாங்கும். மாத்துறதுக்கு முன்னால தகட்டைத் திருப்பிப் பாருங்க, 'ரெசின் பேட் ஒன்லி'ன்னு பொறிச்சிருந்தா மெட்டல் போடக் கூடாது. தேய்ஞ்சு ஒரு மில்லிமீட்டர்தான் மிச்சம்னா அன்னைக்கே மாத்துறதுதான்.

கடைசி சைக்கிள்:
ஸ்பேனர் அண்ணன் சொன்னது சரி. அதுக்கு அடுத்த தொல்லை ஆள் தொலையிறது. மெயின் ரோட்டுல இல்ல, தோட்டத்து ரோட்டுல. கால் மணி நேரத்துக்குள்ள நாலு சந்தி வரும்: ஒண்ணு ஃபேக்டரிக்கு, ஒண்ணு தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்கு, ஒண்ணு பங்களாவுக்கு, ஒண்ணு எங்கயோ மலைக்குள்ள போய் முடியும். பலகையில எழுதியிருக்கிற பேர் ஒண்ணு, ஆட்கள் சொல்ற பேர் வேற. மூடுபனி இறங்கினா இருபது அடி முன்னால போறவரே தெரியமாட்டார். பள்ளத்துல போன்ல சிக்னல் இருக்காது.

இதுக்குச் சந்தியில ஆள் நிறுத்துறதை விட நல்ல வழி கிடையாது. முன் வழிகாட்டி சந்தியில நிப்பார், தனக்கு நேர் பின்னால வர்றவரை அங்க நிறுத்திட்டுப் போவார். அந்த ஆள் திரும்ப வேண்டிய பக்கம் சைக்கிளைத் திருப்பி வச்சு நிப்பார், எல்லாரையும் அனுப்புவார், கடைசி வழிகாட்டி வந்த பிறகு அவருக்கு முன்னால கிளம்புவார். அடுத்த சந்திக்கு அடுத்த ஆள்.

கேக்க லேசா இருக்கும். ஆனா இது பிசகுற இடம் ஒண்ணே ஒண்ணு: நிறுத்தின ஆள் "எல்லாரும் போய்ட்டாங்க போல"ன்னு தானா முடிவு பண்ணிக் கிளம்பிடுவார். பின்னால ஒரு பஞ்சர் ஒட்டுறதுக்கு இருபது நிமிஷம் ஆகியிருக்கும், அவருக்கு அது தெரியாது. அதனால கடைசி வழிகாட்டிக்குச் செம்மஞ்சள் மேலங்கி போட்டுவிடுங்க, "இந்த நிறம் வர்ற வரைக்கும் நகரக் கூடாது, மழை வந்தாலும், ஒண்ணுக்கு வந்தாலும்"னு சொல்லுங்க. ஆட்களைப் பேரால எண்ணாதீங்க, நம்பர் குடுங்க. நிறுத்துற இடத்துலயெல்லாம் அவங்களே வரிசையாச் சத்தம் போட்டுச் சொல்லணும். ஆறாம் நம்பர் சத்தம் வரலைன்னா உடனே தெரிஞ்சிடும்.

ரெண்டு வழிகாட்டிக்கு எட்டுப் பேர்தான் உச்சம். ஒருத்தர் விழுந்தா கடைசி வழிகாட்டி அவரோட நின்னுடுவார், அப்ப மிச்சப் பேரை ஒருத்தர்தான் பார்க்கணும். ஒன்பதாவது ஆள் வந்தா மூணாவது வழிகாட்டி வேணும். காசு கட்டாதுன்னா ஒன்பதாவது ஆளைச் சேர்க்காதீங்க.

ஊவாக்காரி:
காலத்தை யாரும் எழுதல. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் குழு எடுக்காதீங்க. ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. ஆனா அதுதான் சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம், டிசம்பர் போயாவுல (பௌர்ணமியில) தொடங்கி வெசாக் போயா வரை போகும். வார இறுதியும் போயாவும் ஹட்டன்–மஸ்கெலியா ரோட்டுல பஸ் வரிசை நிக்கும், செவ்வாய் புதன்ல வச்சுக்குங்க. எங்க ஊவாப் பக்கம் அப்படியே தலைகீழ்: ஜூன், ஜூலை, ஆகஸ்ட்ல காய்ஞ்சு கிடக்கும், ஆனா ஹப்புத்தளையில காத்து சைக்கிளையே தள்ளிவிடும். லிப்டன் சீட்டுக்குத் தம்பேதன்னை ஃபேக்டரியிலிருந்து 7 கிலோமீட்டர் ஏத்தம், உச்சி 1,970 மீட்டர். காலை ஒன்பதுக்குள்ள ஏறாட்டி பனிதான் பார்க்கலாம். இறங்கும்போது எதிர்ல ஆட்டோ வரிசையா ஏறும், ரோடு ஒரு வண்டி அகலம்தான்.

மழை நாள்ல தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தோட மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்க, பிரதேச செயலகப் பிரிவு வாரியாப் போடுவாங்க. 24 மணி நேரத்துல 75 மில்லிமீட்டர் தாண்டினா மஞ்சள், 100 தாண்டினா செம்மஞ்சள், 150 தாண்டினா சிவப்பு. மஞ்சள்லயே அன்னைக்குப் பயணத்தை விட்டுடுங்க, முன்பணத்தைத் திருப்பிக் குடுத்தாலும் பரவாயில்ல.

பொகவந்தலாவை:
குளவியை விட்டுட்டீங்க. தேயிலை மலையில கொழுந்து பறிக்கிறவங்க கூடையைப் போட்டுட்டு ஓடுறதைப் பார்த்தா என்ன ஏதுன்னு கேக்காம குழுவைத் திருப்புங்க. நின்னு போட்டோ எடுக்கிறவங்களை இழுத்துக்கிட்டு வாங்க. தலை, கழுத்தை மேலங்கியால மூடி, கையை வீசாமத் தள்ளிப் போயிடணும். குளத்துல குதிக்கிறதெல்லாம் வேலைக்காகாது.

நாலஞ்சு இடத்துல கொட்டினாலே வைத்தியசாலை, ஆள் நல்லா இருக்கிற மாதிரித் தெரிஞ்சாலும். உடம்பு தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், மூச்சு இழுக்கிறது, தலைசுத்தல், இதுல ஒண்ணு வந்தாலும் சுண்ணாம்பு, மஞ்சள்னு நேரத்தைக் கடத்தாதீங்க. 1990 சுவசெரிய ஆம்புலன்ஸ், இல்லைன்னா உங்க வான். காசல்ரீ பக்கம்னா டிக்கோயா ஆதார வைத்தியசாலை கிட்ட. முதல் நாளே "குளவி, தேனீ ஒத்துக்காதவங்க யாரு"ன்னு கேட்டு எழுதி வையுங்க. ஊசி மருந்து கொண்டு வர்றவங்க இருப்பாங்க, அது பையில எங்க இருக்குன்னு கடைசி வழிகாட்டிக்குத் தெரியணும்.

கொழுந்து நிறுக்கிற நேரத்துல லொறியும் டிரக்டரும் ஓடும், வளைவுல முழு ரோட்டையும் எடுத்துக்கும். ஏறுற வண்டிக்குத்தான் வழி. இறங்குற சைக்கிள் கான் (வடிகால்) ஓரமா நின்னுடணும், ஆனா கானுக்குள்ள காலை விடக் கூடாது, இலை மூடியிருந்தா ஆழம் தெரியாது. சாயங்காலம் அஞ்சரைக்கு எல்லாரும் மெயின் ரோட்டுல இருக்கணும், அதுக்கப்புறம் தோட்டத்து ரோடு சிறுத்தைக்கு.

டிக்கோயா பக்கம்:
நன்றி அண்ணே, அக்கா. குளக்கரை ஓரமாவே ஓட்டலாமா? தண்ணி வத்தின நேரம் அகலமா, காய்ஞ்ச மாதிரி இருக்கே.

ஸ்பேனர்:
வேணாம் தம்பி. மேல ஓடு மாதிரி வெடிச்சிருக்கும், ரெண்டு அங்குலத்துக்குக் கீழ களி. முன் சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கும், ஆள் முன்னால விழுவார். மவுசாகலைக் குளத்துல தண்ணி வத்தும்போது முழுகிப்போன பழைய மஸ்கெலியாவோட கோயில் வெளியே தெரியும், பார்க்கணும்னு எல்லாரும் இறங்குவாங்க. சைக்கிளை ரோட்டுல போட்டுட்டு, ஊர் ஆட்கள் நடந்த தடத்துலயே நடந்து போகட்டும். காசல்ரீல படம் எடுக்க 1878ல கட்டின வார்லி தேவாலயம் இருக்கு, அதுக்குச் சேறு மிதிக்க வேண்டியதில்ல.

டியூப் ஆளுக்கு ஒண்ணு, மேலதிகமா ரெண்டு. 27.5 அங்குலச் சக்கரமும் 29உம் கலந்து வச்சிருந்தா ரெண்டு அளவும். கல்லு ரோட்டுல காத்துக் குறைஞ்சா டியூப்ல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும், பாம்பு கடிச்ச மாதிரி. 75 கிலோ ஆளுக்கு 2.2 அங்குல டயர்ல முன்னால 30, பின்னால 34 பி.எஸ்.ஐ. ஒரே ஓட்டைன்னா டயருக்குள்ள விரல் விட்டுத் தடவிப் பாருங்க, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டின மலையோரத்துல குச்சி ஆணி மாதிரி நிக்கும். அதை எடுக்காமப் புது டியூப் போட்டா அதுவும் போயிடும். மழையில ஒட்டாதீங்க, பசை பிடிக்காது. டியூபை மாத்திட்டு ராத்திரி ஒட்டுங்க: அரம் போட்டு, பசை தடவி, அஞ்சு நிமிஷம் காயவிட்டு, அப்புறம் ஒட்டு.

கடைசி சைக்கிள்:
வான்ல சைக்கிளை அடுக்கும்போது கியர் பக்கம் மேல இருக்கட்டும். கியரைத் தாங்குற சின்ன அலுமினியத் துண்டு வளைஞ்சா கண்ணுக்குத் தெரியாது. முதல் செங்குத்துல லேசான கியர் போட்ட நேரம் கியர் சக்கரக் கம்பிக்குள்ள போய் உடையும். மாடலுக்கு மாடல் அந்தத் துண்டு வேற, கடையில கிடைக்காது, முன்கூட்டியே வாங்கி வைக்கணும்.

அப்புறம் வான் எப்பவும் குழுவுக்குப் பின்னால ஊரக் கூடாது. தோட்டத்து ரோட்டுல திரும்ப இடமில்ல, பின்னால பஸ் கட்டிக்கும். அடுத்த பெரிய சந்தியில போய் நிக்கட்டும், டிரைவர்கிட்ட ஆட்களோட நம்பர் லிஸ்ட் இருக்கட்டும். பிளேன்டீயும் ரொட்டியும் கட்டசம்பலும் அங்கதான், இறக்கம் முடிஞ்ச பிறகு.