எந்தப் பழைய ஆர்பிஜியை (கதைப் பாத்திரமாக நின்று ஆடும் கணினி விளையாட்டை) முதலில் ஆடுவது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பிடோக் வாசகன்:

காலிட் இறந்து கிடக்கும் அந்த அறையைப் பற்றி எழுத வேண்டும் என்று நீண்ட நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பால்டர்ஸ் கேட் இரண்டாம் பாகத்தை ஆடியவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று உடனே விளங்கும். பலதுறைத் தொழிற்கல்லூரியில் என்னோடு படித்தவர்கள், 2000-இல் வந்த அந்த இரண்டாம் பாகமே சிகரம் என்றும் 1998-இல் வந்த முதல் பாகத்தை விட்டுவிடலாம் என்றும் உறுதியாகச் சொன்னதால், நான் அங்கிருந்தே தொடங்கினேன். வில்லன் ஐரனிக்கஸின் நிலவறையில் என் குழுவில் இருந்த ஜஹீரா தன் கணவர் காலிட்டின் சிதைக்கப்பட்ட உடலைக் கண்டு கதறியபோது அந்த மனிதர் யார் என்றே எனக்குத் தெரியவில்லை. அடுத்த அறையைத் தேடிப் போய்விட்டேன்.

பின்னொரு விடுமுறையில் முதல் பாகத்தை ஆடியபோது, ஃபிரெண்ட்லி ஆர்ம் விடுதிக்குள் நுழைந்ததும் காலிட் திக்கித் திக்கிப் பேசியபடி என்னை வரவேற்றார். அவர் ஒரு போர்வீரர். முன்வரிசையில் நின்று அடிவாங்க வேண்டியவர். நான் அவரை விளையாட்டு முடியும்வரை பின்வரிசையிலேயே நிறுத்தி வில்லைக் கொடுத்து வைத்திருந்தேன். எந்தச் சண்டையில் அவரைக் காப்பாற்றினாலும் அந்த நிலவறையில் அவருக்கு என்ன நேரும் என்பது எனக்கு முன்பே தெரிந்திருந்தது.

என் அக்காவின் மகன் ஜிசிஇ சாதாரண நிலைத் தேர்வை முடித்துவிட்டு, ஜனவரி வரை நேரம் இருக்கிறது, எதிலிருந்து தொடங்கட்டும் என்று கேட்கிறான். நீங்கள் எந்த வரிசையில் ஆடினீர்கள், அந்த வரிசை உங்களுக்கு எதைக் கொடுத்தது அல்லது எதைப் பறித்தது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

ஈசூன் இரவல்காரன்:

அவன் 1985-இல் வந்த அல்டிமா நான்காம் பாகத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. வெல்வதற்கென்று ஓர் இறுதி எதிரியே இல்லாத விளையாட்டு அது. நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டு அறங்களில் தேறி அவதாரமாக வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

எனக்கு இன்றும் மறக்காதது மூலிகை விற்கும் பெண். அவருக்குக் கண் தெரியாது. வாங்கிய பொருளுக்கு எவ்வளவு பொற்காசு தருகிறாய் என்று கேட்பார். என்ன எண்ணைத் தட்டினாலும் வாங்கிக்கொள்வார். அண்ணனும் நானும் ஒரே நாற்காலியைப் பங்குபோட்டு உட்கார்ந்திருந்தோம். அண்ணன் குறைத்துத் தட்டினார். திரையில் எந்தக் கண்டனமும் வரவில்லை, எந்த மணியும் ஒலிக்கவில்லை. வெகுநேரம் கழித்து, அந்த விளையாட்டின் அரசர் லார்ட் பிரிட்டிஷின் கோட்டையில் இருக்கும் ஹாக்விண்ட் என்ற ஞானியிடம் நேர்மையைப் பற்றிக் கேட்டபோதுதான் அவ்வளவு நேரமும் எல்லாம் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது தெரிந்தது. அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். அதன் பிறகு எந்த விளையாட்டில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் எனக்கு அந்தப் பெண்ணின் நினைவு வருகிறது. பையனுக்குப் பதினாறு வயது என்றால் இதைவிடப் பொருத்தமான தொடக்கம் இருக்க முடியாது. அதை இணையத்தில் இலவசமாகவே தருகிறார்கள்.

ஜூரோங் வேலன்:

ஈசூன் நண்பர் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் ஏற்க முடியவில்லை. ஸ்கைரிம் என்ற பிற்கால விளையாட்டைக் கைப்பேசித் திரையில் பார்த்து வளர்ந்த பிள்ளையிடம், ஒவ்வொரு கட்டளைக்கும் விசைப்பலகையில் ஒரு தனி எழுத்தைத் தட்ட வேண்டிய விளையாட்டைக் கொடுத்தால், அந்த மூலிகைப் பெண்ணைச் சந்திக்கும் முன்பே அவன் மூடிவைத்துவிடுவான். வெளிவந்த ஆண்டு வரிசை வரலாறு எழுதுபவருக்கு உரியது. ஆடுபவருக்கு உரியது அன்று.

என் அனுபவம் 1997-இல் வந்த ஃபால்அவுட்டில் நடந்தது. இறுதியில் மாஸ்டர் என்ற அந்த உருக்குலைந்த உருவத்தின் முன் நான் குண்டுகள் தீர்ந்த துப்பாக்கியோடு நின்றேன். அவர் உருவாக்கிய புதிய இனத்துக்குப் பிள்ளை பிறக்காது என்பதற்கான ஆய்வுப் பதிவு என் பையில் இருந்தது. அதை எடுத்துக் காட்டிப் பேசினேன். தன் வாழ்நாள் உழைப்பு வீண் என்று புரிந்துகொண்டு, என்னை ஓடிப் போகச் சொல்லிவிட்டு அவரே அந்த இடத்தை அழித்துக்கொண்டார். ஒரு தோட்டாகூடச் செலவாகவில்லை.

இனி வரிசையைச் சொல்கிறேன். முதலில் ஃபால்அவுட். அது நீளம் குறைந்தது. பேச்சுத்திறனும் ஆயுதம்தான் என்பதைப் புரியவைத்துவிடும். நம் பாத்திரத்தின் ஊரான நிலத்தடிக் காப்பகம் 13-க்குத் தண்ணீர் தரும் கருவியின் சில்லைக் கண்டுபிடிக்க விளையாட்டுக் கணக்கில் 150 நாள் கெடு உண்டு என்பதைப் பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; ஹப் நகரத்துத் தண்ணீர் வணிகர்களுக்குப் பணம் கொடுத்தால் மேலும் 100 நாள் கிடைக்கும். அறிவுப் புள்ளியை மிகக் குறைவாக வைத்தால் பாத்திரம் முனகத்தான் செய்யும், ஒழுங்காகப் பேசாது. அது இரண்டாம் ஆட்டத்துக்கு நல்லது, முதல் ஆட்டத்துக்கு வேண்டாம். அடுத்து 1999-இல் வந்த பிளேன்ஸ்கேப்: டார்மென்ட். அதன் பிறகே பால்டர்ஸ் கேட் இரண்டு பாகங்களும், இடைவெளி விடாமல். அவற்றின் விதிகள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் இரண்டாம் பதிப்பிலிருந்து வருவதால் கவச எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும். இதை யாரும் சொல்லித்தராவிட்டால் நல்ல கவசத்தை விற்றுவிட்டு மோசமானதை அணிவார்கள். முதல் நிலையில் மந்திரவாதியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஓர் ஓநாய் போதும் அவரை முடிக்க. ஃபிரெண்ட்லி ஆர்ம் விடுதி வாசற்படியில் நிற்கும் மந்திரவாதியை நெருங்கும் முன் ஆட்டத்தைச் சேமித்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் பாகத்தில் 20,000 பொற்காசு சேர்க்கச் சொல்லும்போது அவசரப்படக் கூடாது, நகரத்தின் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு பெரிய கதை காத்திருக்கிறது. கடைசியாக 2001-இல் வந்த ஆர்கேனம்; அதன் சண்டை முறையைப் பொறுத்துக்கொள்ளும் பக்குவம் அதற்குள் வந்திருக்கும்.

பொங்கோல் தேன்மொழி:

வேலன் அண்ணா டார்மென்டை இரண்டாவதாக வைத்திருப்பதைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அது கடைசியில் வர வேண்டியது. நான் அதை வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பும்போது கைக்கணினியில் ஆடினேன். ஆடினேன் என்பதைவிட வாசித்தேன் என்பதே சரி.

டாக்கோன் என்ற தோழன் தன் இனத்தின் போதனைகள் அடங்கிய ஒரு கல்வட்டத்தைச் சுமந்து வருகிறான். அதைத் திறக்கத் திறக்க ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு கதை. நான் அவற்றை அவனிடம் பாடம் கேட்பவளாகவே கேட்டுவந்தேன். அந்தக் கல்வட்டத்தை, நம்பிக்கை இழந்து நின்ற அவனிடம் முன்னொரு காலத்தில் கொடுத்து அவனைத் தனக்கு அடிமையாக்கியது என் பாத்திரத்தின் முந்தைய பிறவிகளுள் ஒன்றே என்று தெரியவந்த இடத்தில் நான் இறங்க வேண்டிய நிலையம் வந்துவிட்டது. நான் இறங்கவில்லை. என் பாத்திரத்துக்கு எதுவும் நினைவில்லை. டாக்கோனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. இருந்தும் அவன் எனக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

மற்ற விளையாட்டுகளில் தோழர்களைச் சேர்ப்பதும், அவர்களைச் சண்டைக்கு அனுப்புவதும், தேவையில்லையென்றால் விடுதியில் விட்டுவிடுவதும் நமக்குப் பழகிப்போயிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் ஊறிய பிறகுதான் டாக்கோனின் கதை நம் மனத்தைச் சுடும். ஃபால்அவுட்டை மட்டும் முடித்துவிட்டு வரும் பிள்ளைக்கு அது எழுத்துக் குவியலாகவே தெரியும். மேலும் ஃபால்அவுட்டின் வன்முறை பெரியவர்களுக்கானது. பதினாறு வயதில் அது முதலாவதாக இருக்க வேண்டுமா என்பதை அவன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

தெம்பனிஸ் மணி:

எனக்கு வரிசை தலைகீழாக அமைந்தது, அதற்காக மகிழ்கிறேன். 2011-இன் ஸ்கைரிமை முடித்துவிட்டு அதே தொடரின் 2002-இன் மாரோவிண்டுக்குப் போனேன். ஆர்க்ங்தாண்ட் இடிபாடுகளில் ஒரு புதிர்ப் பெட்டியை எடுத்துவரச் சொன்னார்கள். திசை காட்டும் அம்பு இல்லை. குறிப்பேட்டில் எழுதியிருந்த வழியை மட்டும் வைத்துக்கொண்டு பாலத்தையும் மலையையும் பார்த்துப் பார்த்து நடந்தேன். கதவைக் கண்டபோது இருட்டிவிட்டது. ஸ்கைரிமில் நான் கண்ட எந்தக் குகையும் இப்போது நினைவில் இல்லை. அந்தக் கதவு நினைவிருக்கிறது. புதியதிலிருந்து பழையதற்குப் போனால்தான் எது கைவிடப்பட்டது என்று தெரியும்.

பழைய கப்பல்:

மணி தம்பி சொல்வது தனி விளையாட்டுகளுக்குப் பொருந்தும், தொடர்களுக்குப் பொருந்தாது. 1988-இன் பூல் ஆஃப் ரேடியன்ஸில் நாங்கள் உருவாக்கிய ஆறு பேரையும் அதன் தொடர்ச்சியான 1989-இன் கர்ஸ் ஆஃப் தி அஷ்யூர் பாண்ட்ஸுக்குக் கொண்டுபோனோம். அந்நாளில் எங்கள் கணினியில் நம் சிங்கப்பூரின் சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டைகூட இல்லை, வெறும் கீச்சொலிதான். கதையின் பெரும்பகுதி கூட வந்த கையேட்டில் அச்சாகியிருந்தது; இத்தனையாம் குறிப்பைப் படி என்று திரை சொல்லும், என் தம்பி உரக்க வாசிப்பான். இரண்டாம் விளையாட்டைத் திறந்தபோது, அரும்பாடுபட்டுச் சேர்த்த வாளும் கவசமும் இல்லாமல், கையில் ஐந்து நீலக் குறிகளோடு அதே ஆறு பேரும் விழித்தெழுந்தார்கள். தம்பி வாசிப்பதை நிறுத்திவிட்டான். புதிதாக ஆறு பேரை உருவாக்கிக்கொண்டு தொடங்கியவர்களுக்கு அந்த இழப்பு வெறும் கதைத் தொடக்கமாகவே இருந்திருக்கும்.

ஆகவே பிடோக் நண்பரே, உங்கள் அக்கா மகன் எதை முதலில் எடுத்தாலும் பால்டர்ஸ் கேட்டை முதல் பாகத்திலிருந்தே ஆடட்டும். அதன் இறுதி எதிரி சாரவாக்கை வென்ற பிறகு கிடைக்கும் கடைசிச் சேமிப்புக் கோப்பை வேறோர் இடத்திலும் நகலெடுத்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் அதே பாத்திரத்தை அதிலிருந்து கொண்டுவரலாம்.

பிடோக் வாசகன்:

நன்றி, ஐயா. அக்காவிடம் பேசிவிட்டேன். முதல் பாகத்தை இன்றிரவே நிறுவுகிறோம். ஃபால்அவுட் அடுத்த ஆண்டுக்கு. காலிட்டைப் பற்றி அவனிடம் யாரும் எதுவும் சொல்ல வேண்டாம்.