முடி கொட்டாத குட்டி டெரியர்: பழகிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

திரியைத் தொடங்கியவர்

எங்கள் வீட்டில் மூன்று வருடமாக இதே பேச்சுதான். ஒன்பது வயது மகளுக்கு நாய் வேண்டும். கணவருக்குத் தூசி பட்டாலே தும்மல், சோபாவில் ஒரு முடி கிடந்தாலும் முகம் சுளிப்பார். எனக்கோ, ஒரு கையில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிற அளவில் இருந்தால் போதும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் 'சின்ன உருவம், முடி கொட்டாத டெரியர்' என்று வந்து நிற்கிறது.

இனங்களைப் பற்றிய வர்ணனைகளைப் படித்துக் கண் பூத்துவிட்டது. எல்லா நாயும் அன்பானது, புத்திசாலி, குழந்தைகளோடு ஒட்டிக்கொள்ளும். கல்யாணத் தரகர் பேச்சு மாதிரியே இருக்கிறது. அதனால், நீங்கள் நேரில் பழகிய நாயைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்.

என் பங்குக்கு ஒன்று. போன வாரம் ஒரு தோழி வீட்டுக்குப் போயிருந்தோம். அவளிடம் யார்க்‌ஷயர் டெரியர் இருக்கிறது, சுருக்கமாக யார்க்கி. இரண்டு மணி நேரம் என் மடியிலேயே கிடந்தது. நான் போட்டிருந்தது கறுப்பு உடை. எழுந்து உதறிப் பார்த்தேன், ஒற்றை முடி இல்லை. அசந்துவிட்டேன். தோழி சிரித்துக்கொண்டே ஒரு டப்பாவைத் திறந்து காட்டினாள். உள்ளே கம்பளித் துண்டு மாதிரி கெட்டியாக ஏதோ இருந்தது. அன்று காலை அதன் காதுக்குப் பின்னாலிருந்து வெட்டி எடுத்த சிக்காம். "முடி உதிராமல் இல்லை. கீழே விழாமல் மேலேயே தங்கிவிடுகிறது, அவ்வளவுதான்" என்றாள்.

அப்போதிலிருந்து குழப்பம்தான். சொல்லுங்கள்.

பதினொரு வருட யார்க்கி வீடு

உங்கள் தோழி சொன்னது முற்றிலும் உண்மை. யார்க்கிக்கு உள்ரோமம், அதாவது அடியில் இருக்கும் மென்மையான இரண்டாவது அடுக்கு, கிடையாது. பட்டு மாதிரி ஒரே அடுக்கு, நம் தலைமுடி போல வளர்ந்துகொண்டே போகும். சீவாமல் நான்கு நாள் விட்டீர்களோ, காதுக்குப் பின்னால், முன்னங்கால் இடுக்கில், பின்தொடையில் சடை பிடித்துவிடும். அதன்மேல் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினால் தொலைந்தது, சிக்கு இன்னும் இறுகும். முதலில் சிக்கெடுத்துவிட்டு அப்புறம்தான் குளியல். இதை நான் தெரிந்துகொள்வதற்குள் என் யார்க்கியை ஒரு முறை மொத்தமாக மழித்துவிட்டுக் கொண்டுவர வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்தவள் இரண்டு நாள் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தாள். வெட்கமா கோபமா, அவளுக்குத்தான் தெரியும்.

நீளமாகத் தரை புரள்கிற முடியெல்லாம் கண்காட்சிக்கு. வீட்டுக்கு 'குட்டிக் கத்தரிப்பு', அதாவது உடம்பு முழுக்கக் குட்டையாக வெட்டுவது, போதும். ஆறு வாரத்துக்கு ஒரு முறை கத்தரித்துவிட்டால் தினசரிச் சீவல் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

முடியை விட நான் கவலைப்பட்டது எலும்பைப் பற்றித்தான். இனத் தரப்படி இதன் எடை 3.2 கிலோவைத் தாண்டக் கூடாது. என் அண்ணன் மகன், அப்போது நான்கு வயது, ஆசையாகத் தூக்கினான், அவள் துள்ளினாள், விழுந்தாள். முன்னங்கால் முறிவு. எட்டு வாரம் கட்டோடு கிடந்தாள். பையன் அழுத அழுகை இன்னும் காதில் கேட்கிறது. உங்கள் மகளுக்கு ஒன்பது வயது என்பதால் பயப்பட வேண்டாம், ஆனால் தரையில் உட்கார்ந்துகொண்டுதான் மடியில் எடுக்க வேண்டும் என்பதை முதல் நாளே சட்டமாக்குங்கள்.

அப்புறம் கழுத்துப் பட்டையில் சங்கிலி மாட்டாதீர்கள். இந்த இனத்துக்கு மூச்சுக்குழாய் வலுவிழந்து தட்டையாகும் தொல்லை அதிகம், வாத்து கத்துவது மாதிரி இருமும். மார்புப் பட்டைதான் சரி. பால்பல் விழாமல் புதுப்பல்லோடு சேர்ந்து நிற்பதும் உண்டு, எங்களுக்கு இரண்டைப் பிடுங்க வேண்டியிருந்தது.

பொம்மை மாதிரி இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். 19ஆம் நூற்றாண்டில் வட இங்கிலாந்து நெசவாலைப் பகுதிகளில் எலி பிடித்த பரம்பரை. இரண்டாம் உலகப் போரில் ஸ்மோக்கி என்ற யார்க்கி இருந்தாள், 1944-ல் நியூ கினியில் ஒரு பதுங்குகுழியில் கிடைத்தவள், இரண்டு கிலோகூட இல்லை. பிலிப்பைன்ஸில் ஒரு விமானத்தளத்தில் ஓடுபாதைக்கு அடியே சுமார் 21 மீட்டர் நீளக் குறுகிய குழாய்க்குள் தந்திக் கம்பியை இழுத்துக்கொண்டு போய் மறுபுறம் சேர்த்தாள். என் யார்க்கி சோபாவுக்கு அடியில் போன பந்துக்காக நாற்பது நிமிடம் குரைப்பாள். ரத்தம் ஒன்றுதான், வேலைதான் வேறு.

வீசிங் பையனின் அப்பா

தும்மல் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நாங்கள் 'ஹைப்போஅலர்ஜெனிக்' (ஒவ்வாமை அதிகம் தராதது) என்ற ஒற்றைச் சொல்லை நம்பி ஒரு குட்டி வாங்கினோம். விற்றவர் அடித்துச் சொன்னார். மூன்றாவது வாரம் பையனுக்கு இரவெல்லாம் இளைப்பு. ஐந்தாவது வாரம் குட்டி என் தங்கை வீட்டுக்குப் போனது. பையன் அழுதது நியாயம், குட்டி வாசலைப் பார்த்தபடியே இருந்ததாகத் தங்கை சொன்னபோது நானும் அழுதேன்.

பிறகுதான் ஒவ்வாமை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். தொல்லை கொடுப்பது முடி அல்ல. நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கிற புரதங்கள். முக்கியமானதற்கு கேன் எஃப் 1 என்று பெயர். முடி அதைச் சுமக்கிற வண்டி, அவ்வளவுதான். அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை ஆய்வாளர்கள் நாய் உள்ள 173 வீடுகளின் தூசியைச் சோதித்து 2011-ல் வெளியிட்டார்கள். ஹைப்போஅலர்ஜெனிக் என்று சொல்லப்படும் இனம் இருந்த வீட்டுக்கும் மற்ற வீட்டுக்கும் இந்தப் புரத அளவில் வித்தியாசம் தெரியவில்லை.

இன்னொரு விஷயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கேன் எஃப் 5 என்ற புரதம் ஆண் நாயின் புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வருவது. சிலருக்கு இது ஒன்றுக்கு மட்டும்தான் ஒவ்வாமை இருக்கும். அவர்களால் பெட்டை நாயோடு தொல்லையில்லாமல் வாழ முடியலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். என் பையனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

எனவே, சகோதரி, இனத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் கணவரைப் பரிசோதித்துவிடுங்கள். எந்த நாயை எடுக்கப் போகிறீர்களோ அதே நாயோடு அவர் மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் சில மணி நேரம், மூடிய அறையில் இருக்கட்டும். ஒரே இனத்தில்கூட நாய்க்கு நாய் மாறும்.

ஜாக் ரஸ்ஸலிடம் மாட்டியவன்

சின்ன முடி, அதனால் கொஞ்சமாகத்தான் கொட்டும் என்று நானே முடிவு செய்துகொண்டு வழுவழு ரோமமுள்ள ஜாக் ரஸ்ஸல் எடுத்தேன். வருடம் முழுக்கக் கொட்டுகிறது. ஊசி மாதிரித் துணியில் குத்திக்கொண்டு நிற்கும், முடி ஒட்டி எடுக்கிற பசை உருளைக்கும் வராது. நாய் தங்கம். சோபாவைத்தான் தூக்கிப் போட்டோம்.

இரண்டு கேர்ன், ஒரு பார்டர் வளர்த்தவர்

கம்பி ரோம டெரியர்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. கேர்ன், பார்டர், நார்ஃபோக், நாரிச், வெஸ்டி (வெஸ்ட் ஹைலேண்ட் வெள்ளை டெரியர்) எல்லாம் அந்தக் கூட்டம். (நார்ஃபோக்குக்குக் காது மடிந்திருக்கும், நாரிச்சுக்கு நிமிர்ந்திருக்கும். 1964 வரை இங்கிலாந்தில் இரண்டும் ஒரே இனம்தான்.) கேர்னும் பார்டரும் ஐந்திலிருந்து ஏழரை கிலோ வரை வரும். யார்க்கியைப் போல நொறுங்காது. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் இதையே சொல்வேன்.

இவற்றுக்கு மேலே முரட்டு ரோமம், அடியில் மென்மையான உள்ரோமம். மேல்ரோமம் முதிர்ந்து செத்ததும் தானாக விழாமல் தொங்கிக்கொண்டிருக்கும். விரலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கி எடுக்க வேண்டும். கேட்கக் கொடுமையாக இருக்கும். பதமான சமயத்தில் பிடுங்கினால் நாய் தூங்கிக்கொண்டே இருக்கும். வருடத்துக்கு இரண்டு முறை முழுதாக, நடுநடுவே கொஞ்சம். அப்படிச் செய்தால் வீட்டில் முடி மிகக் குறைவு, செய்யாவிட்டால் கொட்டத்தான் செய்யும். என் முதல் கேர்னை ஓர் ஒப்பனைக் கடையில் பிடுங்காமல் மிஷின் போட்டு வெட்டிவிட்டார்கள். முரட்டுத்தனம் போய்ப் பஞ்சாகிவிட்டது, நிறமும் வெளுத்தது. மழையில் அழுக்கு ஒட்டாமல் இருந்த நாய், அழுக்கை உறிஞ்ச ஆரம்பித்தது. பழையபடி வர ஒன்றரை வருடம் ஆனது. வெஸ்டி எடுப்பதானால் பெற்றோர் நாய்களின் தோலைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். அரிப்பு அந்த இனத்தோடு கூடப் பிறந்தது போல.

சரி, ரோமத்தை விடுங்கள். டெரியர் என்ற பெயரே லத்தீனின் 'டெர்ரா', அதாவது மண், என்ற சொல்லிலிருந்து வந்தது. வளைக்குள் தலையை விட்டு, இருட்டில் நரியை எதிர்கொண்டு, மேலே நிற்கிற மனிதனுக்குத் தான் இருக்கும் இடம் தெரியக் குரைத்துக்கொண்டே இருப்பதற்காக உருவாக்கியவை. உள்ளே போனபின் எஜமானைக் கேட்டு முடிவெடுக்க முடியாது, தானே முடிவெடுக்க வேண்டும். இப்போது அதே நாய் உங்கள் வரவேற்பறையில். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும், யோசிக்கும், பிறகு தோண்டுவதைத் தொடரும். பிடிவாதம் என்கிறோம். அதன் தொழில் அது.

என் மகளுக்கு ஒரு வெள்ளெலி இருந்தது. கூண்டு மேசைமேல், கதவு சாத்தியிருந்தது. பார்டர் எங்களோடு ஒரு வருடம் சாதுவாக இருந்தவன். கூண்டைச் சுத்தம் செய்யத் திறந்த ஐந்து விநாடிதான். ஒரே உலுக்கல். அவன் முகத்தில் குற்ற உணர்ச்சியே இல்லை, கொண்டுவந்து என் காலடியில் வைத்துவிட்டு வாலை ஆட்டினான். வெள்ளெலி, முயல் வைத்திருப்பவர்கள் டெரியரை மறந்துவிடுங்கள்.

குட்டி வேண்டாம் என்று முடிவெடுத்தவள்

ஐந்து வயதுக் கலப்பு டெரியரைக் காப்பகத்திலிருந்து எடுத்தேன். வளர்ந்த நாயில் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. எவ்வளவு கொட்டுகிறது, எதற்குக் குரைக்கிறது, குழந்தையைப் பார்த்தால் விலகுகிறதா என்று எல்லாம் அன்றே தெரிந்தது. குட்டியிடம் இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? குட்டி ரோமம் வேறு, வளர்ந்தபின் வருவது வேறு.

திரியைத் தொடங்கியவர்

நான்கு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

கணவருக்குப் பரிசோதனை செய்தோம். தூசிப் பூச்சிதான் காரணம், நாயால் அவருக்கு ஒவ்வாமை இல்லை. இத்தனை வருடம் வாயில்லாப் பிராணிமேல் பழி. கேர்ன் பார்க்கப் போன இடத்தில் வளர்ப்பவர், தாயாக இருந்து ஓய்வு பெற்ற ஆறு வயதுப் பெட்டை ஒன்றைக் காட்டினார். மகள் தரையில் உட்கார்ந்தாள். அது சுற்றி வந்து மோந்து பார்த்து, அவள் செருப்பின்மேல் தலை வைத்துப் படுத்துக்கொண்டது. நான்கு முறை போனோம். கணவர் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. ஐந்தாவது முறை அதோடு திரும்பினோம்.

பூந்தொட்டிகளில் இப்போது மண் இல்லை. பிடுங்குகிற வேலையை மகள் கற்றுக்கொண்டாள், முதுகுவரை அழகாகச் செய்கிறாள். பின்காலைத் தொட்டால் மட்டும் உறுமுகிறது. என்ன செய்யலாம்?

இரண்டு கேர்ன், ஒரு பார்டர் வளர்த்தவர்

முதலில் இடுப்பிலோ முட்டியிலோ வலி இருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஒன்றும் இல்லையென்றால், ஒரு நாளைக்கு ஒரு முறை பின்காலைத் தொட்டுத் தின்பண்டம் கொடுத்து நிறுத்திக்கொள்ளட்டும், பிடுங்க வேண்டாம். உறுமுவதற்காகத் திட்டாதீர்கள், அடுத்த முறை உறுமாமலே கடித்துவிடும். இரண்டு வாரம் கழித்து எழுதுங்கள்.