தாடை முடிக்கு எலக்ட்ராலிசிஸ் செய்தவர்கள் இருக்கிறீர்களா?

வேளச்சேரி34:
தாடைக்குக் கீழே கரகரவென்று முடி, பத்து நாளைக்கு ஒருமுறை பார்லரில் த்ரெட்டிங். ஆறு சிட்டிங் லேசர் செய்ததில் கறுப்பு முடி நன்றாகக் குறைந்தது, ஆனால் ஏழெட்டு நரைமுடி அப்படியே நிற்கிறது. பஸ்ஸில் ஜன்னலோரம் வெயில் பட்டால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியுமோ என்று துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொள்கிறேன். எலக்ட்ராலிசிஸ் ரொம்ப வலிக்குமா? மாநிறத்துக்குச் சரிப்படுமா?

அண்ணாநகர் அக்கா:
சரிப்படும்மா. லேசர் முடியிலிருக்கும் கறுப்பைத் தேடிப் போய்ச் சுடும், நரையில் அது கிடையாது, எத்தனை சிட்டிங் போனாலும் காசுதான் வீண். எலக்ட்ராலிசிஸில் மெல்லிய ஊசியை முடி முளைக்கும் துளைக்குள் விட்டு கரண்ட் கொடுத்து வேரையே அழிக்கிறார்கள், அதனால் முடி எந்த நிறமானாலும் ஒன்றுதான். புதுசும் இல்லை, 1875லேயே அமெரிக்காவில் ஒரு கண் டாக்டர் உள்பக்கம் வளரும் இமை முடிக்கு இதைச் செய்திருக்கிறார். சுள்ளென்று ஒரு நொடி, அப்புறம் ட்வீசரில் எடுத்தால் முடி வழுக்கிக்கொண்டு வர வேண்டும். வெடுக்கென்று இழுபட்டால் வேர் சாகவில்லை என்று அர்த்தம், அங்கேயே சொல்லிவிடு. தாடை தாங்கும், மேலுதட்டில்தான் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஒவ்வொரு முடியாக எடுப்பதால் பொறுமை வேண்டும், எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. த்ரெட்டிங்கை இன்றே நிறுத்து, ஊசி இறங்க முடி இருக்க வேண்டும். கத்தரியால் வெட்டிக்கொள்ளலாம். அந்த வாரங்கள்தான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

பெரம்பூர் பொண்ணு:
முகத்தில் தழும்பு தடித்து வளரும் உடம்பு என்றாலோ, பேஸ்மேக்கர் இருந்தாலோ முன்பே சொல்லிவிடுங்கள். ஊசி பாக்கெட்டை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள், கேட்கக் கூச்சமே வேண்டாம். செய்துகொண்ட பிறகு பொடிப்பொடியாகப் பொருக்கு தட்டும், அதை நான் நகத்தால் கிள்ளப்போய் கறுப்புப் புள்ளியாக நின்று மாசக்கணக்கில் மறையவில்லை. வெயிலில் போனால் சன்ஸ்கிரீன் கட்டாயம், நம்மூர் வெயில் சும்மா விடாது.

மாதவரம் நர்ஸ்:
முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் தோழி. பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி என்று சொல்லும் ஹார்மோன் கோளாறு) இருந்தால் ஒரு பக்கம் வேரை அழிக்க, இன்னொரு பக்கம் ஹார்மோன் புது முடியைத் தடிக்க வைத்துக்கொண்டே இருக்கும். டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். செலவு யோசனை என்றால் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. பீரியட்ஸ் ஒழுங்காக வருகிறதா?

வேளச்சேரி34:
இல்லை, ஒரு வருஷமாகத் தள்ளித் தள்ளித்தான் வருகிறது. அதையும் இதையும் சேர்த்து யோசிக்கவே இல்லை. திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டேன், முதலில் டாக்டரிடம் போகிறேன். அக்கா, த்ரெட்டிங்கை இன்றைக்கே நிறுத்தியாச்சு.