மறு: ‘சீல்டு கேம்’ – தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

இழையை முதல் மடலிலிருந்து படித்துவிட்டு எழுதுகிறேன். கடையில் வாங்கியபடியே பிரிக்காமல் வைத்திருக்கும் வீடியோ கேமுக்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: முத்திரையிட்ட ஆட்டம், உறைபிரியா ஆட்டம், தொடா ஆட்டம். நடுவே ஒரு நண்பர், பிரித்து விளையாடியதை ‘சீல் உடைத்த ஆட்டம்’ என்று போகிறபோக்கில் எழுதியிருந்தார். யாரும் மறுக்கவில்லை. எனக்கு அந்த மூன்றையும் விட இதுதான் அதிகம் உறுத்துகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சீல் உடைத்தல் என்று நாம் எப்போது சொல்கிறோம்? அதிகாரிகள் பூட்டி சீல் வைத்த கட்டடம், வாக்குப்பெட்டி, நீதிமன்றத்துக்குப் போகிற உறை. வேறொருவர் கை வைக்கக் கூடாது என்று வைத்த சீல் அது. அதை உடைத்தால் குற்றம். கேம் பெட்டியின் மேல் இருக்கிற பிளாஸ்டிக் தாள் அப்படிப்பட்டதல்ல. வாங்குகிறவர் பிரிப்பார் என்று தெரிந்தேதான் அதைச் சுற்றுகிறார்கள். பார்சல் வந்தால் பிரிக்கிறோம், புடவை வாங்கினால் பிரிக்கிறோம், யாரும் உடைப்பதில்லை. கலைச்சொல்லிலேயே ‘உடைத்த’ என்று போட்டுவிட்டால், கேமை வாங்கி விளையாடிய மனிதர் ஏதோ பொருளைக் கெடுத்தவர் போல ஆகிவிடுகிறார். சேகரிப்பாளர்களிடம் இந்தப் பார்வை ஏற்கெனவே நிறைய இருக்கிறது. சொல்லும் சேர்ந்து அதைச் சுமக்க வேண்டாம்.

இதே காரணத்துக்காக ‘முத்திரையிட்ட’ என்பதும் எனக்கு ஒப்பவில்லை. ஆனால் அதற்கு ஆதரவாக ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அதை யாரும் எடுக்கவில்லை. 1985 அக்டோபரில் ஜப்பானிய கேம் நிறுவனமான நிண்டெண்டோ, தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் தன் என்.இ.எஸ். கருவியை அமெரிக்காவில் முதன்முதலாக நியூயார்க்கில் விற்கத் தொடங்கியபோது, கேம் பெட்டிகளுக்கு பிளாஸ்டிக் உறையே கிடையாது. அட்டைப் பெட்டியின் மூடி திறக்காதபடி சிறிய வட்ட ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். முழுப் பெட்டியையும் சுற்றிய பிளாஸ்டிக் தாள் அதற்குப் பிறகுதான் வந்தது. 2019 தொடக்கத்தில் ஒரு லட்சம் டாலருக்கும் சற்று மேல் விலைபோன ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ இப்படி ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டிதான். அந்த ஸ்டிக்கரை முத்திரை என்று சொன்னால் தப்பே இல்லை.

‘உறைபிரியா’ இங்கேதான் மாட்டிக்கொள்கிறது. சேகரிப்பாளர்கள் எல்லாவற்றுக்கும் மேலே வைத்துப் போற்றும் பெட்டிகளுக்கு உறையே இல்லை. பிரிவதற்கு உறை இல்லாத பொருளை எப்படி உறைபிரியா என்பது? மறுபக்கம், பின்னாளில் வந்த பிளாஸ்டிக் உறைப் பெட்டிகளில் முத்திரை என்று சொல்ல எதுவும் இல்லை. இரண்டு சொல்லும் ஆளுக்குப் பாதியைத்தான் பிடிக்கின்றன.

‘உறைபிரியா’வில் இலக்கணச் சிக்கல் ஒன்றும் உண்டு. பிரிதல் தன்வினை, பிரித்தல் பிறவினை. உறைபிரியா என்றால் உறை தானாக விலகாதது என்றுதான் முதலில் படும். பழைய பிளாஸ்டிக் தாள் மூலைகளில் தானே கிழியும்; கிழிந்தாலும் பெட்டி திறக்கப்படாததுதான். அங்கே உறை பிரிந்துவிட்டது, ஆனால் யாரும் பிரிக்கவில்லை. இன்னொரு பக்கம் மோசடி. பெட்டியைத் திறந்து, வேறு தாளைச் சுற்றி, சூடான காற்றைக் காட்டிச் சுருக்கி, புதியது என்று விற்பவர்கள் உண்டு. அங்கே உறை பிரியவில்லை, ஆனால் ஒருவர் பிரித்திருக்கிறார். நமக்கு வேண்டிய சொல், மனிதக் கை திறந்ததா இல்லையா என்பதைச் சொல்ல வேண்டும். ஆகவே ‘பிரிக்கா’.

இந்த மோசடியைக் கண்டுபிடிக்கிற விதம் தெரிந்தால் மற்ற சொற்களும் வந்து விழும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தொழிற்சாலையிலேயே பிளாஸ்டிக் தாள் சுற்றிய என்.இ.எஸ். காலத்து அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், பெரும்பாலும் பின்பக்கத்தின் குறுக்கே கிடையாக ஒரு ஒட்டுக்கோடு ஓடும். தாளின் இரண்டு விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உருகிய கோடு. விரலால் தடவினாலே மேடு தெரியும். சாதாரண சுருக்கும் கருவியில் பின்னால் சுற்றியது என்றால் ஒட்டு பெரும்பாலும் பெட்டியின் ஓரங்களில் விழும். இதைத்தான் வாங்குகிறவர்கள் முதலில் தேடுகிறார்கள். தொழிற்சாலையில் சுற்றியதற்கு ‘ஆலையுறை’, பின்னால் யாரோ சுற்றியதற்கு ‘மறுவுறை’ என்று வைக்கலாம். மறுபதிப்பு, மறுவாசிப்பு வரிசையில் மறுவுறையும் இயல்பாக உட்கார்ந்துகொள்ளும்.

சரி, ‘பிரிக்கா’வோடு எந்தப் பெயரைச் சேர்ப்பது? ஆட்டமா, பெட்டியா? இதில்தான் எனக்கு அழுத்தமான கருத்து இருக்கிறது.

சேகரிப்புப் பெட்டிகளைப் பார்த்து மதிப்பெண் கொடுக்கும் தரச்சான்று நிறுவனங்கள் என்ன மதிப்பிடுகின்றன என்று பாருங்கள். அப்படியொரு நிறுவனமான வாட்டா தந்த சான்றில் ‘9.8 ஏ++’ என்று இருந்தால், எண் பெட்டியின் நிலைக்கு, எழுத்து சீலின் நிலைக்கு. உள்ளே இருக்கும் கேம் ஓடுமா ஓடாதா என்பதற்கு மதிப்பெண் கிடையாது. திறக்காமல் எப்படிச் சோதிப்பது? 2021 ஜூலையில் 15.6 லட்சம் டாலருக்கு ஏலம் போன ‘சூப்பர் மாரியோ 64’ அப்படி 9.8 ஏ++ வாங்கிய பெட்டி. அந்த கேம் அரிதானதே அல்ல, ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. அரிது எது? கசங்காத அட்டையும் கிழியாத தாளும். விலை முழுவதும் அவற்றுக்குத்தான். அப்படியிருக்க, சொல்லிலும் பெட்டி என்றே இருப்பதுதான் நேர்மை.

உள்ளே இருப்பது வெளியே இருப்பது போலவே காலத்தை நிறுத்தி வைத்திருக்கிறது என்ற நம்பிக்கை ‘தொடா’, ‘புத்தம்புது’ போன்ற சொற்களில் ஒளிந்திருக்கிறது. அது உண்மையில்லை. பழைய கேட்ரிட்ஜ்கள் (கேம் அடங்கிய, கருவியில் செருகும் சிறு பெட்டகங்கள்) பலவற்றில், விளையாட்டை எங்கே விட்டோம் என்பதைச் சேமிக்க ஒரு நினைவகச் சில்லும், அதற்கு மின்சாரம் கொடுக்க நாணய வடிவ பேட்டரி ஒன்றும் பலகையில் பற்றவைத்து இருக்கும். 1987இல் அமெரிக்காவில் தங்க நிறக் கேட்ரிட்ஜில் வந்த ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’வில் இந்த பேட்டரி உண்டு. கேட்ரிட்ஜை யாரும் செருகாவிட்டாலும் அதன் மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துகொண்டே இருக்கும். ‘போக்கிமான் கோல்டு’, ‘சில்வர்’ இரண்டிலும் உள்ளே ஒரு கடிகாரமும் ஓடுவதால் இன்னும் சீக்கிரம் தீரும். பெட்டிக்கு 9.8 கிடைக்கலாம், உள்ளே பேட்டரி செத்துப் போயிருக்கலாம். பிரித்து விளையாடுகிறவர் பழைய பேட்டரியை எடுத்துவிட்டுப் புதியதைப் பற்றவைத்து அந்த கேமை உயிரோடு வைத்திருக்கிறார். பிரிக்காதவரால் அது முடியாது. (மாரியோ 64இல் இந்தக் கவலை இல்லை. அதில் பேட்டரி இல்லாமலே நினைவில் வைக்கும் சில்லு.)

பிளாஸ்டிக் தாளும் சும்மா இருப்பதில்லை. ஆண்டுகள் போகப் போக இன்னும் இறுகி, அட்டையின் விளிம்புகளை உள்ளே வளைத்துவிடும். காப்பாற்றுகிற உறையே பெட்டியை நெரிக்கிறது. குறுந்தகட்டு கேம்களில், உள்ளே தகடு அதன் பிடியிலிருந்து கழன்று, எடுத்து வைக்கும்போதெல்லாம் உருண்டு கீறல் விழுவதும் உண்டு. திறந்து பார்த்தால்தான் தெரியும்.

இப்போது வருகிற பெட்டிகள் சிலவற்றில் தகடோ கேட்ரிட்ஜோ கிடையாது, பதிவிறக்கக் குறியீடு அச்சிட்ட ஒரு தாள் மட்டும்தான். அந்த இணையக் கடை மூடினால் தாளுக்குப் பயனில்லை. வீ யூ, 3டிஎஸ் கருவிகளுக்கான நிண்டெண்டோ இணையக் கடையில் 2023 மார்ச் 27ஆம் தேதியோடு விற்பனை நின்றது. அப்படிப்பட்ட பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருப்பவரிடம் ‘ஆட்டம்’ இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? பெட்டி இருக்கிறது, அவ்வளவே.

ஆகவே என் முன்மொழிவு: பிரிக்காப் பெட்டி. செல்லாக் காசு, அழியாப் புகழ் போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஒற்று மிகும். ஸ்டிக்கர் ஒட்டியதற்கும் பொருந்தும், ஆலையுறை உள்ளதற்கும் பொருந்தும், தாள் மூலையில் கிழிந்ததற்கும் பொருந்தும். மறுவுறைப் பெட்டிக்குப் பொருந்தாது; பொருந்தவும் கூடாது. வழிபாடும் இல்லை, வசையும் இல்லை.

சேகரிக்கும் எண்ணம் இருந்ததா என்பதையும் இந்தச் சொல் கேட்காது. அதுவும் முக்கியம். 2021 ஏப்ரலில் 6.6 லட்சம் டாலருக்குப் போன ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ பெட்டி 1986இல் கிறிஸ்துமஸ் பரிசாக வாங்கப்பட்டு, மேசை இழுப்பறையில் போட்டு மறந்தே போனது. அதைச் சேகரிப்பு என்று யார் சொல்வார்கள்? ஆனாலும் பிரிக்காப் பெட்டிதான்.

எதிர்ச்சொல்லுக்கு ஆடுபெட்டி என்கிறேன். வினைத்தொகை. ஆடிய பெட்டி, ஆடுகிற பெட்டி, ஆடும் பெட்டி என்று மூன்று காலமும் அதில் அடக்கம். விளையாடிய கேமின் இயல்பே அதுதானே? அண்ணன் முடித்ததைத் தம்பி எடுப்பான், பிறகு தம்பி மகள் எடுப்பாள். ‘பயன்படுத்திய’, ‘பழைய’ என்றெல்லாம் சொன்னால் கதை முடிந்துபோன பொருளாகத் தெரிகிறது. ‘ஆடு’ என்றதும் கால்நடை நினைவுக்கு வரும் என்று ஒருவர் சொல்லக்கூடும். ஆடுகளம் என்று விளையாட்டுச் செய்திகளில் தினமும் படிக்கிறோம், யாருக்கும் குழப்பமில்லை.

முதலில் ‘படி’யை வைத்துப் பார்த்தேன்: கைப்படி, மூலப்படி போல ஆடுபடி, பிரிக்காப்படி. ஒரு பிரதியைக் குறிக்க அருமையான சொல். ஆனால் ‘பிரிக்காப்படி வைத்திருக்கிறேன்’ என்று எழுதினால் ‘பிரிக்காதபடி’ என்றே காதில் விழுகிறது. விட்டுவிட்டேன்.

இரண்டுக்கும் நடுவே, தாளைப் பிரித்துவிட்டு விளையாடாமல் அலமாரியில் அடுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடையது வெறுமனே ‘பிரித்த பெட்டி’. கையேடு, அட்டை, கேட்ரிட்ஜ் எல்லாம் குறையாமல் இருப்பதை ‘முழுப்பெட்டி’ எனலாம். பெட்டி தொலைந்து கேட்ரிட்ஜ் மட்டும் இருந்தால் ‘தனிக் கேட்ரிட்ஜ்’.

கடைசியாகப் பேசிய அக்கா, “தமிழில் இதற்கெல்லாம் சொல் உருவாக்கினால் வெறும் பணக்கார விளையாட்டுக்குத் தொண்டு செய்வதாக ஆகாதா?” என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அக்கா, நான் விளையாடுகிறவர்கள் கட்சி. கேமைப் பிரிக்க வேண்டும், ஓட்ட வேண்டும், முடிந்தால் அதன் தரவைப் படியெடுத்துப் பாதுகாக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 விழுக்காடு அப்போது விற்பனையில் இல்லை என்று, பழைய கேம்களைப் பாதுகாக்கும் அமைப்பான வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் ஓர் ஆய்வில் சொன்னது. தரவைப் படியெடுக்க வேண்டுமென்றால் யாராவது பெட்டியைத் திறந்தாக வேண்டும். யாரும் இன்னும் படியெடுக்காத ஒரு கேமின் பிரதி ஒருவரிடம் இருந்து, அதை அவர் விலைக்காகப் பிரிக்காமல் வைத்திருந்தால், அது தவறு என்றே சொல்வேன்.

ஆனால் எல்லாப் பிரிக்காப் பெட்டியையும் அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. ஸ்டிக்கரிலிருந்து பிளாஸ்டிக் தாளுக்கு எப்போது மாறினார்கள், எந்தப் பதிப்பில் பெட்டியின் பின்பக்கம் மாறியது என்பதெல்லாம் இன்று நமக்குத் தெரிவதற்குக் காரணம், சில பெட்டிகளை யாரோ பிரிக்காமல் விட்டதுதான். கோடிக்கணக்கில் விற்ற கேமில் சில பெட்டிகள் அப்படியே இருந்தால் விளையாட்டுக்கு ஒரு குறையும் வராது. எது எந்த வகை என்று பேசித் தீர்க்க வேண்டும். அப்படிப் பேசுவதற்கே, எந்தப் பக்கமும் சாயாத சொல் நமக்கு வேண்டும். ‘சீல் உடைத்த’ என்று தொடங்குகிற உரையாடலில் விளையாடியவர் முதல் வரியிலேயே தோற்றுவிடுகிறார்.

இன்னும் ஒரு சொல் பாக்கி. தரச்சான்று கொடுத்தபின் பெட்டியை ஒளிபுகும் அக்ரிலிக் கூட்டுக்குள் வைத்து நிரந்தரமாக மூடிவிடுகிறார்களே, அதற்கு என்ன சொல்வது? ‘சான்றுக்கூடு’ என்று எழுதிப் பார்த்தேன். கூடு என்றால் பறவைக்கூடு நினைவு வருமா, ‘சான்றுப்பேழை’ என்றால் அளவுக்கு மீறி உயர்த்துவதாகுமா என்று தயக்கம். அருங்காட்சியகத் துறையில் இருக்கும் நண்பர்கள் காட்சிப்பொருளை வைக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு நடைமுறையில் என்ன சொல்கிறார்கள் என்று தெரிவித்தால், அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்.