கொலையைவிட வழக்கைக் காட்டும் தொடர்கள் தெரியுமா?

நண்பர்களே, உண்மைக் குற்றக் கதைகளில் ஒரு வகையைத் தேடுகிறேன். கொலை எப்படி நடந்தது என்பதைவிட வழக்கு எப்படி நடந்தது என்று காட்டுபவை. 1988-இல் வந்த 'தி தின் புளூ லைன்' ஆவணப்படம் மாதிரி. சாட்சிகளின் பேச்சைக் கிளறியே, சிறையில் இருந்தவர் மறு ஆண்டு வெளியே வர உதவிய படம் அது. ஒரு பழைய கொலை வழக்கை மறுபடி துருவும் 'சீரியல்' என்ற பாட்காஸ்ட்டும் கேட்டாயிற்று.

மற்றதில் எல்லாம் டிஎன்ஏ முடிவு விளம்பர இடைவேளைக்குள் வந்துவிடுகிறது, கூண்டில் ஏறியவர் அழுதுகொண்டே ஒப்புக்கொள்கிறார். நமக்குக் கொட்டாவிதான். தடயப் பை யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, சீல் உடைந்திருந்ததா என்று வக்கீல் துருவுவாரே, அந்த இடம்தான் எனக்கு வேண்டும். மேல்முறையீடு வரை போனால் இன்னும் நல்லது.

அப்புறம், பாதிக்கப்பட்ட குடும்பத்தைக் காட்சிப்பொருளாக்காததாகச் சொல்லுங்கள். தமிழில் இருந்தால் அம்மாவும் கூடப் பார்ப்பார்.