கல்லடிப் பாலத்துக்கு 24 எல்ஈடி: ஆர்டுயினோ கையைச் சுடுகிறது

ஆரையம்பதி_அப்பா:
தரம் 8 படிக்கும் மகள் பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு மட்டக்களப்பின் கல்லடிப் பழைய பாலத்தைச் செய்திருக்கிறாள். 1924 இல் கட்டிய அந்த இரும்புப் பாலம்தான், ஐஸ்கிரீம் குச்சியில். அதன் மேல் 24 வெள்ளை எல்ஈடி ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஓடி, கடைசியில் எல்லாம் சேர்ந்து எரிய வேண்டுமாம். வயர் வேலை என் தலையில்.

ஆர்டுயினோ ஊனோவில் (புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன போர்ட்) 2 முதல் 13 வரையான பின்களில் (வயர் குத்தும் துளைகள்), பின்னுக்கு இரண்டு எல்ஈடி, இரண்டுக்கும் சேர்த்து ஒரு 47 ஓம் ரெசிஸ்டர். கரண்ட் பழைய ரூட்டரின் 12 வோல்ட் அடாப்டரில். ஓடும்போது அழகு. எல்லாம் எரிந்ததும் மங்குகிறது, போர்ட் நின்று திரும்பத் தொடங்குகிறது. போர்டின் மூளையான பெரிய ஐசியில் (சிப்பில்) விரல் வைக்க முடியவில்லை. நேற்றிரவு 7 ஆம் பின் செத்தே போனது. வாங்கிய கடையில் "போர்ட் பழுது, புதிது எடுங்கள்" என்கிறார்கள். வெள்ளிக்கிழமை கண்காட்சி. போர்டிலா பிழை?

கல்முனை_சர்க்கிட்:
யூஎல்என் 2803 ஐசி இரண்டு போடுங்கள் அண்ணன், எல்ஈடி கரண்டைப் போர்டுக்குப் பதில் அது தாங்கும். வேலை முடிந்தது.

அக்கரைப்பற்று_டிவிக்காரன்:
தம்பி, போர்டில் பிழை இல்லை, அதை நீங்கள்தான் வதைத்திருக்கிறீர்கள். கோபிக்க வேண்டாம். நானும் ஒரு நோன்புப் பெருநாளுக்கு வாசலில் பிறை செய்து கட்டி, இரவு 8 மணிக்கே ஒரு சிப்பை எரித்தவன்தான்.

வெள்ளை எல்ஈடி 3.1 வோல்ட் அளவில் எடுக்கும். பின் தரும் 5 வோல்ட்டில் மிச்சம் 1.9. அதை 47 ஆல் வகுத்தால் 40 மில்லி அம்பியர். ஒரு பின் தாங்கும் உச்சமே 40. நிம்மதியாக ஓட 20 தான். பின் தனக்குள் கொஞ்சம் வோல்ட்டை விழுங்குவதால் நிஜத்தில் 25 என்று வைப்போம். 12 பின்னுக்கு 300! முழுச் சிப்புக்கும் எல்லை 200. அதுவும் தாண்டக்கூடாத வரம்பு, போய் நிற்க வேண்டிய இடம் அல்ல.

அடாப்டர் இன்னொரு கூத்து. 12 ஐ 5 ஆக்க, மிச்ச 7 வோல்ட்டையும் போர்டில் உள்ள ரெகுலேட்டர் சூடாக்கித்தான் தீர்க்கும். 0.3 அம்பியரில் ஏறத்தாழ 2 வாட். அடாப்டர் குத்தும் வாய்க்குப் பக்கத்தில் தொட்டுப் பாருங்கள், அங்கேயும் சுடும். அதைக் கழற்றிவிட்டு ஃபோன் சார்ஜரை யூஎஸ்பியில் கொடுங்கள்.

மறுகா, இரண்டு எல்ஈடிக்கு ஒரு ரெசிஸ்டர் ஆகாது. இரண்டும் ஒரே வோல்ட்டில் எரியாது; குறைவாகக் கேட்பது கரண்டை இழுத்துக்கொள்ளும். சோடியில் ஒன்று மங்கலாக இருந்திருக்குமே? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 470 ஓம் போடுங்கள். ஒன்றுக்கு 4 மில்லி, பின்னுக்கு 8, மொத்தம் 100 க்குள். மங்கிவிடும் என்று பயப்பட வேண்டாம், மேசையில் வைக்கும் பாலத்துக்கு அந்த வெளிச்சமே கண்ணைக் குத்தும். 220 போட்டால் மொத்தம் 200 ஐ நெருங்கிவிடும், அந்த ஆசை வேண்டாம்.

கல்முனை_சர்க்கிட்:
அப்போ என் ஐசி?

அக்கரைப்பற்று_டிவிக்காரன்:
நல்ல ஐசிதான் தம்பி. 12 வோல்ட் எல்ஈடி பட்டி, பந்தல் அலங்காரம் என்றால் நானே அதைத்தான் சொல்வேன். எல்ஈடியின் மைனஸ் பக்கம் அதற்குப் போக வேண்டும், இரண்டு சப்ளையின் கிரவுண்டும் ஒன்றாகச் சேர வேண்டும். முதல்தரம் செய்கிற பாதிப்பேர் அந்த ஒரு வயரை மறந்துவிட்டு, ஐசி பழுது என்று என்னிடம் வருவார்கள். வெள்ளிக்கிழமைக்குள் இவருக்கு அந்தத் தலையிடி எதற்கு?

ஆரையம்பதி_அப்பா:
நானா, 24 ரெசிஸ்டரையும் ஈயம் வைத்து முடிக்க இரவு ஒரு மணி. 7 எழும்பவில்லை. அந்தச் சோடியை ஏ0 என்ற இன்னொரு பின்னில் (புரோகிராமில் அதன் எண் 14) கொடுத்து, புரோகிராமில் 7 இருந்த இடத்தில் 14 என்று எழுதினேன், எரிகிறது. அரை மணி நேரமாக எல்லாம் சேர்ந்து எரிகிறது, ஐசி குளிர்ந்தபடி. நம் வாவியில் மீன் பாடும் என்பார்களே, இப்போது மகள் பாலத்துக்குக் கீழே அந்தச் சத்தமும் வேண்டும் என்கிறாள்.